விதைநெற் பீப்பாக்களின் பொருந்தா மூடிகளைத் திருத்துதல்

பெரும்போக அறுவடையின்போது விதைக்கென ஒதுக்கப்படும் நெல், மாசி பங்குனியிலிருந்து அடுத்த பெரும்போக விதைப்பு நடைபெறும் புரட்டாதி ஐப்பசி வரையில், ஏழு எட்டு மாதங்கள் கலத்தினுள்ளே கிடக்கவேண்டியதாகும். இக்காலத்தில் அது உயிரற்ற பண்டமன்று. மெல்ல மூச்சு விடுகின்றது, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றது, வெப்பத்தால் நலிவடைகின்றது. நல்ல கதிரைத் தெரிந்து, கலப்பு நெல்லை அகற்றி, பதரைத் தூற்றி, வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் கமக்காரர் பலர், அவ்வளவு உழைப்பையும் காக்கவேண்டிய மூடியைப்பற்றிச் சிந்திப்பதில்லை. மூடி ஒன்று இருந்தாற் போதுமெனக் கருதுகின்றனர். அது ஆடினால் மேலே ஒரு கல்லை ஏற்றிவிடுகின்றனர்.

இக்கவலையீனத்தின் பயன் விதைத்து ஒரு வாரத்தின் பின்னரே வெளிப்படும். பயிர் ஐதாக முளைத்து, இடையிடையே வெறுநிலந் தோன்றும். அப்பொழுது மாரிமழை தொடங்கிவிட்டிருக்கும். வானம் பார்த்த வயல்களிலே இரண்டாம் முறை விதைப்பதற்குக் காலமும் இராது. நல்ல விதையும் எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் பெரும்பாலும் அது கடன்பட்டு வாங்கும் விதையாகவே இருக்கும்.

முற்காலத்து யாழ்ப்பாணக் கொம்பறையும், சிங்களக் கிராமங்களில் ‘வீ பிஸ்ஸ’ எனப்படும் மண்பூசிய குதிரும் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. நெல்லிலிருந்து வெளிப்படும் ஈரத்தில் ஒரு பகுதியை அவற்றின் சுவர்களே வாங்கிக்கொண்டன. இன்று பல வீடுகளில் அவற்றின் இடத்தை 200 இலீற்றர் நீலப் பிளாத்திக்குப் பீப்பாக்களும், நாகம் பூசிய தகரக் கலங்களும் பிடித்துக்கொண்டன. கமக்காரர் ‘பரல்’ என வழங்கும் இப்பீப்பா எலிக்கு அஞ்சாது, மழைக்கு அஞ்சாது, ஏறக்குறைய ஐந்தரைப் புசல் நெல்லைக் கொள்ளும். ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் வீசி விதைப்பதாயின், இஃது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட வயலின் விதையாகும். ஆயினும் பிளாத்திக்கு ஈரத்தை வாங்குவதுமில்லை, விடுவதுமில்லை. ஆகவே அக்கலத்தின் நன்மை தீமை முழுவதும் அதன் வாயையும் மூடியையுமே பொறுத்ததாகின்றது.

சிறு இடைவெளியும் பெருங் கேடும்

மேற்கூறிய பீப்பாவின் வாய் ஏறக்குறைய 57 சதமமீற்றர் விட்டமுடையது. அதன் சுற்றளவு 179 சதமமீற்றராகும். மூடிக்கும் விளிம்புக்குமிடையே ஒரு மில்லிமீற்றர் வெளி, அதாவது தடித்த அட்டையொன்றின் கனம், சுற்றிவர இருக்குமாயின், அவ்வெளியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 18 சதுர சதமமீற்றராகும். இது 4¾ சதமமீற்றர் விட்டமுள்ள ஓர் ஓட்டைக்குச் சமன். பீப்பாவின் பக்கத்தில் அத்தகைய ஓட்டையைக் கண்டால் எந்தக் கமக்காரரும் அதனுள் விதைநெல்லைக் கொட்டமாட்டார். அதே ஓட்டை மெல்லிய கோடாக நீண்டு மூடியைச் சுற்றிக் கிடக்கும்போது மட்டும் அது கண்ணிற் படுவதில்லை.

இவ்விடைவெளியாற் புகுவது முதலாவதாகக் காற்றாகும். நெல் நிறைந்த பீப்பாவிலும் மணிகளுக்கிடையே ஏறக்குறைய அரைப்பங்கு வெளியுண்டு. அங்கே சுமார் 100 இலீற்றர் காற்று நிற்கும். பகலில் கொட்டிலின் வெப்பம் இரவினும் 10 பாகை செல்சியசு கூடினால், இக்காற்று விரிந்து மூன்று இலீற்றருக்கு மேல் வெளியேறும். இரவில் அதேயளவு புதிய காற்று உள்ளே இழுக்கப்படும். இங்ஙனம் பீப்பா நாள்தோறும் ஒருமுறை மூச்சு வாங்குகின்றது. புதிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் ஆதலால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் ஒட்சிசன் உட்செல்லும். பயறு வண்டொன்று முட்டையிலிருந்து வளர்ந்து வண்டாகி முடியும் வரையில் வேண்டுவது சுமார் 9 மில்லிலீற்றரே. அவ்வளர்ச்சி ஒரு மாதம் கொள்ளுமெனக் கணக்கிட்டால், பீப்பாவின் அன்றாட மூச்சு ஏறக்குறைய ஈராயிரம் வண்டுகளைப் போற்றப் போதுமானதாகும். அகன்ற இடைவெளியாயின் இம்மூச்சுக்குக் காத்திராது காற்று தானாகவே கலக்கும்.

இறுக மூடிய கலத்தில் நிகழ்வது இதற்கு மாறானது. உள்ளேயிருக்கும் சிறிதளவு பூச்சிகளும் விதையும் விடும் மூச்சினால் ஒட்சிசன் குறைந்து, காபனீரொட்சைட்டுப் பெருகும். 21 வீதமாகவிருந்த ஒட்சிசன் 5 வீதத்துக்குக் கீழே இறங்கும்போது பூச்சிகள் உண்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்துகின்றன. அதனினுங் குறையும்போது இறக்கின்றன. நெல் அந்துவையும், அரிசி வண்டையும், தானியத் துளைப்பானையும் மருந்து எதுவுமின்றி அடக்கும் வழி இதுவாகும். நன்கு உலர்ந்த விதைக்கு இதனாற் கேடில்லை. பிலிப்பைன் நாட்டில் 1960 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சருவதேச நெல்லாராய்ச்சி நிலையம் பரப்பிய காற்றுப்புகாப் பைகளும் இதே தத்துவத்தைக் கொண்டனவே.

இரண்டாவதாகப் புகுவது ஈரம். காற்றின் சாரீரப்பதன் 70 வீதமளவில் நிற்குமிடத்து, நெல் ஏறக்குறைய 13 வீத ஈரத்தோடு நிலைபெறும். அது 85, 90 வீதமாக உயருங்கால், நெல்லின் ஈரமும் 16 வீதத்தைத் தாண்டிச் செல்லும். விதையின் ஈரம் ஒவ்வொரு வீதம் குறையுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதையியலில் ஆரிங்ரன் என்பார் வகுத்த பொதுவிதி. இதனை மறுதலையாக நோக்கினால், 13 வீதத்தில் வைத்த விதை 15 வீதத்துக்கு ஏறும்போது அதன் வாழ்நாள் காற்பங்காகச் சுருங்கும். ஏழு மாதம் தாங்கவேண்டிய விதைக்கு இது சிறிய இழப்பன்று.

பொருத்தமின்மையை அறிதல்

மூடி பொருந்தவில்லையென்பதை அறிந்தாற் போதாது. எவ்விடத்திற் பொருந்தவில்லையென்பதை அறிதல் வேண்டும். பெரும்பாலும் குற்றம் முழுவட்டத்திலும் இராது. ஒரு சாண், இரு சாண் நீளத்திலேயே இருக்கும். அவ்விடத்தை அறியாது முழுமூடியையும் இறுக்குவதால், நல்ல இடம் நசுங்குகின்றதேயன்றிக் கெட்ட இடம் அடைபடுவதில்லை. கல் வைப்பதன் குற்றமும் இதுவே. நடுவில் வைத்த பாரம் பிளாத்திக்கு மூடியின் நடுவைத் தாழ்த்தி ஓரத்தை மேலெழச் செய்கின்றது. சில மாதங்களில் அவ்வளைவு நிலையாகிவிடும்.

சோதனைக்கு முன்னர் பீப்பாவையும் மூடியையும் ஒரே நிழலில் ஓரிரவு வைத்திருத்தல் அவசியம். பிளாத்திக்கு வெப்பத்தால் மிகுதியாக விரியும் பொருள். மூடி பீப்பாவினும் 10 பாகை கூடிய சூட்டில் இருப்பின், அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பெருத்துவிடும். வெயிலிற் கிடந்த மூடியை எடுத்துவந்து பொருத்திப் பார்த்து, ‘இது இப்பீப்பாவின் மூடியன்று’ என எறிந்துவிடுவோரும் உளர்.

எளிய சோதனை காகிதத் துண்டுகளால் ஆவது. இரு விரல் அகலமான புதினத்தாட் துண்டுகள் பன்னிரண்டை விளிம்பைச் சுற்றி, மணிக்கூட்டின் இலக்கங்கள்போல ஒத்த இடைவெளியில் வைத்து, மூடியை இட்டு வழக்கம்போல் இறுக்கி, ஒவ்வொன்றாக இழுத்தல் வேண்டும். கிழியும் துண்டு உள்ள இடம் நன்று. எதிர்ப்பின்றி வழுகி வரும் துண்டு உள்ள இடமே குற்றமுள்ளது. அதனைப் பீப்பாவிலும் மூடியிலும் ஒருங்கே கீறி அடையாளமிடுக. பின்னர் மூடியை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் சோதித்தல் வேண்டும். வழுகும் இடம் மூடியோடு சுற்றிச் சென்றால் குற்றம் மூடியினது. பீப்பாவில் முன்னிருந்த இடத்திலேயே நின்றால் விளிம்பினது. திருத்தும் வேலையிற் பாதி இத்தீர்மானத்திலேயே முடிந்துவிடுகின்றது.

விளிம்பில் வெண்கட்டியைத் தேய்த்து, மூடியை அழுத்தி எடுத்து, இறப்பர் வளையத்திற் பதிந்த வெள்ளைக் கோடு எங்கே அறுபடுகின்றதென நோக்குவது மற்றொரு வழி. தகரக் கலமாயின், இருட்டறையில் எரியும் மின்சூளொன்றை உள்ளே வைத்து மூடினால் ஒளிக்கீற்றே குற்றத்தைக் காட்டிவிடும். வெறும் பீப்பாவினுள் இரண்டு வாளி நீரை ஊற்றி மூடிப் பக்கவாட்டிற் கிடத்தி உருட்டுவதும் நல்ல சோதனையே. ஆனால் அதன்பின் இரண்டு முழுநாள் வெயிலில் வாய்திறந்து உலரவிடாமல் நெல்லைக் கொட்டுதல் கூடாது.

எரியும் மெழுகுதிரியை நெல்லின்மேல் வைத்து மூடினால் அது ஒட்சிசன் முழுவதையும் எரித்துவிடுமென்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அது உண்மையன்று. ஒட்சிசன் ஏறக்குறைய 16 வீதத்துக்கு இறங்கியதும் மெழுகுதிரி அணைந்துவிடும். வண்டுகள் அதில் நன்றாகவே வாழும். பதரிலும் பிளாத்திக்கிலும் தீப்பற்றும் இடரே இதனால் மிஞ்சுவது.

வளைந்த மூடியும் கோணிய விளிம்பும்

பிளாத்திக்கு மூடி வளைந்திருப்பின், அதனைச் சமதளமான பலகைமேல் கவிழ்த்து வைத்து, வளைந்த பகுதியின்மேல் தடித்த துணியை விரித்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். ஐந்து பத்து நிமிடங்களில் பிளாத்திக்கு இளகும். உடனே மேலே மற்றொரு சமப்பலகையை இட்டு, பாரத்தை ஓரத்தைச் சுற்றிப் பரவலாக ஏற்றி, ஓரிரவு ஆறவிடவேண்டும். சூடாக இருக்கும்போதே பாரத்தை எடுத்தால் மூடி பழைய வளைவுக்கே மீளும். ஒருமுறையிற் சரிவராவிடின் மறுமுறை செய்யலாம். தீயிலோ அடுப்புத் தணலிலோ காட்டுதல் கூடாது. அங்கே பிளாத்திக்கு இளகுவதற்கும் உருகுவதற்கும் இடையேயுள்ள எல்லை கைவசம் நிற்பதில்லை.

பீப்பாவின் வாய் நீள்வட்டமாகக் கோணியிருப்பதும் பெருவழக்கு. ஒன்றன்மேலொன்றாகப் படுக்கவைத்து அடுக்கிய பீப்பாக்களில் இதனைக் காணலாம். வாயின் குறுகிய விட்டத்தில் ஒரு மரத்தடியை இறுக்கமாகச் செருகி, வெளிப்புறத்தே கொதிநீர்த் துணி சுற்றி, ஆறும்வரை விட்டால் வாய் வட்டமாகும். தகரக் கலத்தின் விளிம்பு நெளிந்திருந்தால், உட்புறத்தே மரக்குற்றியொன்றைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்துக. இரும்புச் சுத்தியல் நாகப் பூச்சைப் பெயர்க்கும். பூச்சுப் பெயர்ந்த இடத்திற் கறளேறி, அடுத்த ஆண்டில் அவ்விடமே ஓட்டையாகும்.

படகுக்காரரின் முறை

கரையோரங்களில் வயலோடு கடற்றொழிலையும் செய்யும் குடும்பங்கள் உள. கண்ணாடிநாரும் பிசினும் சேர்த்துச் செய்த பிளாத்திக்குப் படகுகளின் மேற்றட்டில், மீனும் பனிக்கட்டியும் வலைகளும் வைக்கும் அறைகளுக்கு மூடிகள் உண்டு. அவ்வறையின் வாயைச் சுற்றி ஒரு கட்டு உயர்ந்து நிற்கும்; மூடியின் ஓரம் அக்கட்டின்மேல் மடிந்து இறங்கும்; இரண்டுக்குமிடையே இறப்பர் கிடக்கும். மூடி ஆடினால் தெறிக்கும் கடல்நீர் உள்ளே இறங்கிப் பனிக்கட்டியைக் கரைக்கும். நீர் பெருகினால் படகின் சமநிலைக்கே கேடாகும். ஆகையால் பொருந்தாத மூடியை அவர்கள் கல் வைத்து ஆற்றிக்கொள்வதில்லை.

இப்படகின் பிளாத்திக்கு ஒருமுறை இறுகியபின் சூட்டுக்கு இளகி வளையாத வகையைச் சேர்ந்தது. எனவே கொதிநீர் முறை அங்கே உதவாது. தேர்ந்த வேலையாட்கள் மூடியின் அடியில் மெழுகு பூசி, அல்லது பொலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, கட்டின்மேல் களியாகக் குழைத்த பிசினை வரிசையாக வைத்து, மூடியை அதன்மேல் இறக்கி இறுகவிடுவர். மெழுகு இருப்பதாற் பிசின் மூடியில் ஒட்டுவதில்லை. மறுநாள் மூடியை எடுக்கும்போது, அம்மூடியின் நெளிவுசுளிவு அனைத்துக்கும் ஒத்த இருக்கையொன்று கட்டின்மேல் அமைந்திருக்கும். மூடியை வாய்க்கேற்பத் திருத்துவதற்குப் பதிலாக, மூடியையே அச்சாகக் கொண்டு வாயை வார்த்தெடுப்பது இம்முறையாகும்.

சீமெந்தாலோ செங்கல்லாலோ கட்டிய நெற்றொட்டிகளை உடைய கமக்காரருக்கு இம்முறை மிகவும் பயன்படும். அத்தொட்டிகளின் வாய் சமமாக அமைவது அரிது. மரமூடியோ தகரமூடியோ அதன்மேல் எப்போதும் ஆடிக்கொண்டேயிருக்கும். முதலில் வாயின் விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நன்கு நனைத்தல் வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த மணல் சேர்த்துக் குழைத்த சாந்தை ஒரு விரற்கனமாக வைத்து, பொலித்தீன் தாள் சுற்றிய மூடியை அதன்மேல் மெதுவாக அழுத்துக. இங்கே ஒரு நுணுக்கத்தை மறத்தலாகாது. பின்னர் இடப்போகும் இறப்பருக்கு இடம் வேண்டுமாதலால், இறப்பரின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கனமுள்ள அட்டைப் பட்டியை மூடியின் ஓரத்தைச் சுற்றி முன்னரே கட்டிவிடவேண்டும். அங்ஙனஞ் செய்யாவிடில் மூடி வெறுமையாகப் பொருந்தும். இறப்பரை இட்டதும் மேலெழுந்து நிற்கும்.

மறுநாள் மூடியை எடுத்து, ஏழு நாள் சாந்தை நனைத்துவரல் வேண்டும். அதன்பின் சில வாரங்கள் வாய்திறந்து உலரவிடுதல் இன்றியமையாதது. ஈரச் சீமெந்தின் பக்கத்திற் கிடக்கும் விதை, ஈரக் காற்றிற் கிடப்பதிலும் விரைவாகக் கெடும். ஆகையால் இவ்வேலைக்கு உகந்த காலம் அறுவடைக்கு முந்திய தை மாதமாகும். சூடடிக்கும் நாளிலே தொடங்குவது பயனற்றது.

இறப்பர் வளையம்

விளிம்பும் மூடியும் ஒழுங்காகியபின் எஞ்சும் சிறு வெளியை அடைப்பதே இறப்பரின் வேலை. பெரிய கோணலை இறப்பரால் மறைக்க முயல்வது வீண். பீப்பாவோடு வரும் வளையம் இரண்டு மூன்று ஆண்டுகளில் வன்மையாகிவிடும். நகத்தால் அழுத்தும்போது குழி விழாமல் நின்றாலோ, வளைக்கும்போது வெடித்தாலோ அதனை மாற்றல் வேண்டும். மண்ணெண்ணெய், கிறீசு, தேங்காயெண்ணெய் என்பன இறப்பரை ஊதச்செய்து கெடுக்கும். மூடி ஒட்டிக்கொள்கின்றதென்று எண்ணெய் பூசும் வழக்கத்தை விட்டு, சிறிது முகமாவைத் தடவுதல் நன்று.

புது வளையம் அகப்படாதவிடத்துச் சைக்கிள் ரியூப் கைகொடுக்கும். அதனை நீளப்போக்கிற் பிளந்து, மூடியின் தவாளிப்பில் அமையும் அகலத்துக்கு வெட்டி, இரு நுனிகளையும் நேராக வெட்டாமற் சரிவாகச் சீவி ஒன்றன்மேலொன்று படியும்படி இறப்பர்ப் பசையால் ஒட்டவேண்டும். நேராக வெட்டிய மூட்டு இழுபடும்போது விலகி வெளிவிடும். இம்மூட்டு இறுக்கு வளையத்தின் பிடி பூட்டும் இடத்தில் வாராதபடி நோக்குக. நீலப் பீப்பாவின் பிளாத்திக்கில் எந்தப் பசையும் நிலைத்து ஒட்டாது. ஆகவே வளையத்தைத் தவாளிப்பினும் சற்றுக் குறுகலாகச் செய்து, இழுத்துப் பொருத்துவதே தக்கது. கனத்த இறப்பர் கூடிய காப்பளிக்குமென எண்ணலாகாது. இறுக்கும்போது மூன்றிலொரு பங்கு நசியும் கனமே போதும். மிகுந்தால் மூடி அமராது.

மூடியின் ஓரம் உடைந்து தவாளிப்பே அற்றுப்போன பீப்பாவையும் ஓராண்டுக்குப் பயன்கொள்ள வழியுண்டு. 17 அங்குலச் சில்லுடைய மோட்டார்ச் சைக்கிளின் பழைய ரியூபிலிருந்து நான்கு விரல் அகலமான முழுவளையமொன்றைச் சுற்றிவர வெட்டியெடுத்து, மூடியும் பீப்பாவும் சந்திக்கும் கோட்டின்மேல் வெளிப்புறமாக இழுத்து மாட்டினால், அது தன் இழுவிசையாலேயே இறுகப் பற்றிநிற்கும். பசைநாடா சுற்றுவது இதற்கு ஈடாகாது. மாரிக்காலத்தில் அது தானாகவே உரிந்துவிடும்.

இறுக்கு வளையத்தின் பிடி உள்ளங்கையால் அழுத்தும்போது சற்று எதிர்த்துப் பூட்டப்பட வேண்டும். விரலாற் பூட்டினால் வளையம் தளர்ந்தது. காலால் மிதித்தே பூட்டவேண்டியதாயின் உள்ளே ஏதோ தடை உண்டு. தளர்ந்த வளையத்துக்கும் மூடிக்குமிடையே ரியூப் பட்டியொன்றை இடலாம்.

பிணைச்சல் பூட்டிய தகரமூடிகளில் தனியொரு குற்றம் காணப்படும். புதிய இறப்பரை இட்டதும் பிணைச்சற் பக்கம் முதலில் முட்டி, எதிர்ப்பக்கம் வாய்பிளக்கும். கொளுக்கியை எவ்வளவு இழுத்து மாட்டினும் பயனில்லை, மூடிதான் வளையும். பிணைச்சலின் அடியில் இறப்பரின் கனத்துக்கேற்ற தகரத் துண்டொன்றை வைத்து உயர்த்தி மறுபடி பூட்டினால், மூடி நான்கு புறமும் ஒருங்கே அமரும். பிணைச்சலை முற்றாகக் கழற்றிவிட்டு, எதிரெதிராக நான்கு கொளுக்கிகள் வைப்பது அதனினும் நன்று.

மூடுமுன் கவனிக்கவேண்டியவை

நன்கு பொருந்திய மூடி, ஈரமான விதைக்கு எமனாகும். உள்ளேயுள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடித்து, விதை புழுங்கி மணமெடுக்கும். மூடியைத் திருத்திய கமக்காரர் முன்னையினும் கூடிய கவனத்தோடு உலர்த்துதல் வேண்டும் என்பதை அழுத்திக் கூறுதல் தகும். விதைநெல்லின் ஈரம் 13 வீதத்தை விஞ்சுதல் கூடாது. உலர்ந்த சாடியொன்றில் காற்பங்கு உலர்ந்த உப்பும், அதன்மேல் அரைப்பங்கு வரை நெல்லும் இட்டு, மூடிப் பத்து நிமிடங் குலுக்கி, சற்று ஆறவிட்டால், சாடியின் சுவரில் உப்பு ஒட்டியிருப்பின் ஈரம் 15 வீதத்துக்கு மேலென அறியலாம். ஒட்டாவிடினும் 13 வீதமாயிற்றென்பது முடிபன்று. மேலும் ஒரு நாள் நல்ல வெயிலில் உலர்த்துதல் வேண்டும். பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் ஈரமானி இருப்பின் ஒரு பிடி நெல்லைக் கொண்டுசென்று அளப்பித்தல் மிகச் சிறந்தது. தார்வீதியில் உலர்த்துவதை விலக்குக. 43 பாகைக்கு மேற்பட்ட சூடு முளையைக் கெடுக்கும்.

உலர்ந்த நெல்லை மாலையில் ஆறவிட்ட பின்னரே பீப்பாவில் இடவேண்டும். நண்பகற் சூட்டோடு மூடப்பட்ட நெல் இரவில் வியர்த்து, மூடியின் அடியிலிருந்து துளித்துளியாக மேற்பரப்பில் விழும். தகரக் கலங்களில் இது மிகுதி. நெல்லின்மேல் உலர்ந்த சாக்கொன்றை மடித்து இடுதல் நன்று. கலத்தை வாய்மட்டத்துக்கு நிரப்புவதும் அவசியம். அரைப் பீப்பா நெல்லோடு அரைப் பீப்பா வெறுங் காற்றும் அடைபடுமாயின், ஒட்சிசன் குறைய நெடுநாட் செல்லும். விதைநெல்லையும் சோற்றுக்கான நெல்லையும் ஒரே பீப்பாவில் வைப்பது பெருந்தவறு. ஒவ்வொரு வாரமும் திறக்கப்படும் மூடி எவ்வளவு செம்மையாயினும் திறந்த மூடியே. பூச்சிமருந்தோ பிற இரசாயனப் பொருளோ இருந்த பீப்பாவை, எத்தனைமுறை கழுவினும், நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது.

பீப்பா நிலத்தில் முட்டாது பலகைமேலும், சுவரிலிருந்து ஒரு சாண் விலகியும், வெயில் படாத இடத்திலும் நிற்கவேண்டும். திருத்தமுடியாத மூடியாயின், நெல்லைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, வாயை முறுக்கி மடித்து இறப்பராற் கட்டி, அப்பையைப் பீப்பாவினுள் வைக்கலாம். அப்பொழுது பையே மூடியாகவும், பீப்பா எலிக்கெதிரான கவசமாகவும் அமையும்.

ஆள் இறங்கக்கூடிய பெரிய தொட்டிகளைப்பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். இறுக மூடிக்கிடந்த தொட்டியில் ஒட்சிசன் குறைந்திருக்கும். திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டுவதும், சிறுவரை இறக்கிவிடுவதும் உயிராபத்தாகும். பல மணிநேரம் திறந்துவைத்துக் காற்றோடச் செய்தபின், வெளியே ஒருவரைக் காவல் நிறுத்தியே இறங்குதல் வேண்டும்.

மரக்கறி விதைகள்

மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி முதலிய விதைகளைப் போத்தலில் வைப்போர், போத்தல் மூடியின் உட்புறத்திலுள்ள மெல்லிய உறை தேய்ந்திருக்கின்றதா என நோக்குதல் வேண்டும். தேய்ந்ததாயின் ரியூப் துண்டொன்றை வட்டமாக வெட்டி உள்ளே இட்டு, மூடியபின் சந்தில் மெழுகை உருக்கி வார்க்கலாம். இவ்விதைகள் நெல்லிலும் கூடுதலாக, 8 வீதத்துக்குக் கீழே உலர்ந்திருத்தல் வேண்டும். வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து போத்தலினுள் இட்டால் எஞ்சிய ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பயறு, கௌபி என்பனவற்றில் வண்டு வயலிலிருந்தே முட்டையாக வருவதால், அவற்றுக்கு இறுகிய மூடி நெல்லினும் அவசியமானது.

ஆவணி மாதத்தில், மழையற்ற ஒரு நண்பகலில், பீப்பாவைத் திறந்து ஆழத்திலிருந்து ஒரு பிடி விதையை எடுத்து உடனே மூடிவிடுக. நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்குத் துண்டிற் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்துவந்தால் ஏழாம் நாளில் முளைத்தவற்றை எண்ணலாம். இங்ஙனம் நான்குமுறை எண்ணிச் சராசரி காணல் நன்று. 85க்குக் குறையாது முளைத்த விதையை நம்பி விதைக்கலாம். 70, 75 ஆயின் விதையின் அளவை அதற்கேற்பக் கூட்டுதல் வேண்டும். அதனினுங் குறைந்ததாயின், அந்நெல்லை உணவுக்கு விட்டு, விதைவிற்பனை நிலையங்களில் நெருக்கடி உண்டாகுமுன் ஆவணியிலேயே புதுவிதைக்குப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். பீப்பாவின் மூடியையும் அன்றே காகிதத் துண்டுகளாற் சோதித்து, வழுகிய இடத்தை அடையாளமிட்டு வைத்தல் வேண்டும்.